வெற்று எடை

வாலிநோக்கம் உப்பளத்துக்கு வெளியே
எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
எட்டு வருஷமாய்.

ராத்திரியில் வண்டி குறைவு.
மேசை விளக்கடியில்
பதினாலில் ஒன்றாய் ஒரு லாரி கட்டுகிறேன்.
அலுமினியம் ஜன்னல் கடைக் கழிவு.
பட்டைவில் பழைய இஞ்சுடேப்பின் எஃகு.
டயர் பத்தும் அறுந்த செருப்பிலிருந்து வெட்டியவை,
அதில் ஒன்று நீலச்செருப்பு,
எத்தனை மை பூசினாலும் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்.
முகப்பில் திருஷ்டிக்கு
மஞ்சள் பூசிய மிளகு எலுமிச்சை,
பச்சை பூசிய சீரகம் மிளகாய்.
பிரிண்டரில் கழற்றிய மோட்டார்.
ரிமோட்டை அழுத்தினால்
முக்கிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தின் மேல் ஏறும்.

பொம்மை என்கிறார் மேனேஜர்.
பொம்மைக்கு எதற்கு எடை?

நீளம் பதினாலில் ஒன்று என்றால்
எடை பதினாலில் ஒன்றில்லை.
பதினாலைப் பதினாலால் பெருக்கி, இன்னொரு முறையும்:
இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்துநாலில் ஒன்று.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
முன்பு கட்டிய வண்டி
ஒரு பென்சிலைத் தாண்டும்போது
தவளையாய்த் துள்ளியதைப் பார்த்துப் போட்ட கணக்கு.

இது வழிவிட்டான் லாரி.
ஆள் பெயரே அதுதான்;
ஹாரன் அடித்தால் மட்டும் விடமாட்டார் என்று
சாயல்குடி வரைக்கும் பேச்சு.
வெற்று எடை ஒன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது.
என் வண்டி மூன்று கிலோ அறுநூறு இருக்க வேண்டும்.

மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்.
இருபத்திரண்டு கிராம் குறைந்தது.

ஸ்டெப்னி இருக்கிறது.
ஜாக்கி, கயிறு, தண்ணீர்க் கேன்.
களிமண் டிரைவர்கூட ஏறி உட்கார்ந்தாயிற்று.
பிறகு சீட்டின் நகல்களை அவிழ்த்தேன்.
தையில் எண்ணூற்று எண்பது.
மாசியில் அதே.
பங்குனி பதினொன்றிலிருந்து எண்ணூற்று இருபது.

அறுபது கிலோ.
வண்டியில் ஒரு திருகாணி கழற்றவில்லை.
கருமலையான்தான் இறங்கிப் போயிருந்தான்,
கிளீனர்.
தூத்துக்குடியில் உப்பு இறக்குகையில்
‘டீ குடிச்சிட்டு வாரேண்ணே’ என்று போனவன்.
கேட்ட நாலாயிரத்தை இவர் கொடுக்காததால் போனான் என்கிறார்கள்.
கொடுத்ததால்தான் போனான் என்கிறவர்களும் உண்டு.
‘அவன் பேச்ச எடுக்காதீக, எடைக்காரம்மா.’
எடுத்ததில்லை.

தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைத் தட்டி
அரத்தில் தேய்த்துத் தேய்த்து
இருபத்திரண்டு கிராமுக்குக் கொண்டுவந்தேன்.
கிளீனர் சீட்டுக்கு அடியில் ஒட்டினேன்.
முகம் செய்யவில்லை.
எனக்கு அவன் முகம் சரியாகத் தெரியாது,
கதவு நிழலில் ஒரு முழங்கை,
அவ்வளவுதான்.

பாரம் ஏற்றக் குவியலிலிருந்து ஒரு கை உப்பு அள்ளினேன்.
உப்பு மட்டும் சிறிதாக மறுத்தது,
ஒவ்வொரு கல்லும் அந்தத் தொட்டிக்குள் பாறை.
அம்மியில் நுணுக்கித்தான் போட்டேன்.
துருவுக்குப் பழுப்புப் பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன்.
ஜன்னலோரம் வண்டியை விட்டுவிட்டு
ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து வந்தால்
பட்டைவில்லும் திருகாணியும்
தாமாகவே துருவேறி இருந்தன.
கச்சான் காற்று பதினாலில் ஒன்றாய் வீசாது.
பெயிண்ட் டப்பா இன்னும் பிரிக்கவில்லை.

ஆனியில் ஒரு விடிகாலை வழிவிட்டான் பார்த்தார்.
கையில் தூக்கி, ‘கனமாத்தான் இருக்கு’ என்றார்.
மேடையின் இரும்புத் தகட்டில் ஓடவிட்டோம்.
மேலே எண் பூஜ்ஜியத்தைவிட்டு அசையவில்லை.
அவர்தான் ரிமோட்டைப் பிடித்திருந்தார்.
ஒரு கோடி வரை போய்த் திரும்பியது.

‘இடது பக்கம் இழுக்குதே.’

‘ஆமா.’

குனிந்து வண்டிக்குள் பார்த்தார்,
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
ரிமோட்டை என் மேசையில் வைத்துவிட்டு
லாரியில் ஏறி
உடம்பை நீட்டி
இடப்பக்கக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

எண் நடுங்கி நின்றது.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று இருபது.
கிழித்துக் கொடுத்தேன்.